பாட்டு வகுப்புக்குப் போன மருமகள்

என் மருமகள் பாட்டு வகுப்புக்குப் போகிறாள் என்று தெருவில் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் அவள் போனது டயாலிசிஸுக்கு. இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. அதை ஊரைக் கூட்டிச் சொல்ல அவசியமில்லை. வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள். நோய் என்ற சொல் வாசலைத் தாண்டினால் வம்சத்துக்கே ஒட்டிக்கொள்ளும்.

மகனுக்குத் தொழிற்சாலையில் பகல் வேலை. ஆகவே அவளுக்குத் துணை நான். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சாட்சி சொன்னதைச் சொன்னபடி எழுதுவது என் வேலை. வசை வந்தால் வசை, அழுதால் 'சாட்சி அழுதார்'. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

மருமகள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கதை எழுதுகிறவள். இடக்கைக்காரி. வலக்கையில் ஊசி ஏற்றும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதால் டாக்டர் இடக்கைக்கு மாற்றினார். அதிலிருந்து அந்தக் கை விரல்கள் மரத்துப்போய், பேனா நிற்பதில்லை. ஒரு பத்திரிகை அவளிடம் கதை கேட்டிருந்தது.

"மாமா, நான் சொல்லச் சொல்ல எழுதுவீங்களா?"

"நீ யாரு? வாதியா, பிரதிவாதியா?"

"சாட்சி."

மறுமுறை போனபோது பென்சில் சீவி எடுத்துக்கொண்டேன்.

இயந்திரம் ஒரு பக்கம் ரத்தத்தைச் சுற்றிவிடும். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். நான் எழுதுவேன். பக்கத்து நாற்காலியில் ஒரு லாரி டிரைவர். அவருக்கும் அதே வைத்தியம். எங்கள் கதைக்கு முதல் வாசகர் அவர்தான்.

"தங்கச்சி, அந்தக் கிழவர் கைக்குட்டைய விரிச்சுத் தொடைச்சுட்டு நாற்காலியில உக்காருவாரே, அந்த எடத்த இன்னொரு தடவ சொல்லு."

கதையில் வரும் மாமனாரை எனக்கும் அடையாளம் தெரிந்தது. என் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எழுதினேன். சாட்சி யாரைப் பற்றியும் சொல்லலாம்.

ஒருநாள் பாதி வாக்கியத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் விழுந்தது. நர்ஸ் ஓடிவந்து நாற்காலியைச் சாய்த்துக் கால்களை உயர்த்தினாள். மருமகளின் உதடு வெளுத்திருந்தது. கண் திறந்ததும் கேட்டாள்.

"எதுல விட்டேன்?"

"'கதவைத் திறந்தபோது' வரைக்கும்."

"'அங்கே யாரும் இல்லை.' புள்ளி வச்சுக்குங்க."

"அம்மா தாயே, புள்ளி அப்புறம் வைக்கலாம். முதல்ல மூச்சு விடு" என்றாள் நர்ஸ்.

கடைசிப் பகுதி சொன்ன அன்று இந்த இடம் வந்தது: 'மாமனார் தெருவுக்குச் சொன்ன பொய்க்குள் நான் சுகமாக இருந்தேன். அங்கே எனக்குக் குரல்கூட நன்றாக இருந்தது.'

என் பென்சில் நகரவில்லை. அவள் மேலே சொல்லிக்கொண்டே போனாள். அடுத்ததிலிருந்து எழுதிக்கொண்டேன்.

முடிந்ததும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"மாமா, ஒரு இடம் விட்டுப்போச்சு."

"எனக்கு விட்டுப்போகாது. அது நீதிபதிக்கே தெரியும்."

"அப்ப நீங்களே விட்டுட்டீங்க."

டிரைவர் தலையை நீட்டினார். "ஆமா பெரியவரே. பொய்யி, குரலுன்னு ஏதோ வந்துச்சே."

"உங்களை யாரும் சாட்சிக்குக் கூப்பிடல."

"கையக் கட்டிப்போட்டுக் கேக்க வச்சுட்டு, சாட்சி இல்லைன்னா எப்படி?"

அவரை விட்டுவிட்டு மருமகளிடம் குரலைத் தாழ்த்தினேன். "உன் நாத்தனாருக்கு மாப்பிள்ளை பாக்குறோம். இது அச்சுல வந்தா எதிர்வீட்டம்மா படிக்கும். அந்தம்மா படிச்சா ஊரே படிச்ச மாதிரி."

"அவளைக் கேட்டுட்டேன் மாமா. 'மறைச்சு ஒருத்தனைக் கட்டிக்கிட்டா ஆயுசுக்கும் மறைக்கணுமே அண்ணி, யாரால முடியும்'னு சிரிக்கிறா." சற்று மூச்சு வாங்கினாள். "அந்த இடம் இல்லாம இந்தக் கதை எனக்கு வேண்டாம். கிழிச்சுப் போட்டுடுங்க. இன்னொண்ணு சொல்லத் தெம்பு இருக்குமான்னு தெரியல."

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கிழிப்பது ஒரு நொடி வேலை. ஆனால் நீதிமன்றத்தில் வேண்டாத வரியை நீக்குவதற்குக்கூட நீதிபதியின் உத்தரவு வேண்டும். எழுதுகிறவன் தனக்குப் பிடிக்கவில்லை என்று விட்டால் அவனுக்குப் பெயர் வேறு. அந்தப் பெயரை என் மருமகள் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டிருந்தாள்.

விட்டதை எழுதி, வர வேண்டிய இடத்தில் குறியிட்டுச் சேர்த்தேன். மறுபடி வாசித்தேன்.

"குரலுக்கு அப்புறம் 'கூட' இருக்கா மாமா?"

"இருக்கு."

வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது எதிர்வீட்டம்மா கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பாட்டெல்லாம் எந்த அளவுல இருக்கு? ஒருநாள் பாடச் சொல்லுங்களேன், கேப்போம்."

எங்கள் வீட்டுச் செய்தி அச்சில் வருவதற்கு முன் எங்கள் வாயிலிருந்து வருவதுதான் கௌரவம். நிமிர்ந்து நின்றேன்.

"அவ பாட்டுக்குப் போகல. சிறுநீரகம் ரெண்டும் போச்சு, டயாலிசிஸுக்குப் போறா. அங்க உக்காந்து கதை எழுதுறா. பத்திரிகையில வரும். ஓசி கேக்காம, காசு கொடுத்து வாங்கிப் படிங்க."

அந்த அம்மாள் எடுத்த துணியை மறுபடி கொடியிலேயே போட்டாள். மருமகள் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி படியேறினாள். பாதியில் நின்று திரும்பினாள்.

"மாமா, இப்ப சொன்னதையும் கதையில சேத்துக்கட்டுமா?"

"சொன்னது சொன்னபடி இருக்கும்னா சேத்துக்கோ" என்று சொல்லிப் பென்சிலை எடுத்தேன்.