மணலுக்குள் ஆரல்

மூன்று நாளாக ஆரல் மீன் மணலைவிட்டு வெளியே வரவில்லை.

நாகப்பன் வேலைவிட்டு வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மீன்தொட்டியின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். வரிக்கெண்டைகளும் குராமிகளும் அவனைக் கண்டதும் கண்ணாடியோரம் மொய்க்கும். மணல் மட்டும் அசையாது.

எல்லாம் அவன் மனைவி பவளத்தின் வளர்ப்பு. பென்சில் நீளத்தில் வாங்கிய ஆரல், ஐந்து வருடத்தில் முழங்கை நீளம் ஆகியிருந்தது. அவள் விரலிலிருந்தே புழுவை வாங்கித் தின்னும். வயிற்று ஆப்பரேஷனுக்காக ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவள் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆரலைப் பற்றித்தான் சொன்னாள். மற்ற மீன்களுக்கு முதலில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை ஆரலின் பங்கையும் பிடுங்கிக்கொள்ளும். மூடியின் இடுக்கில் அடைத்த பஞ்சை எடுக்கக் கூடாது, ஆரல் கிடைத்த சந்தில் வெளியேறித் தரையில் காய்ந்துபோகும். மலைக்குளிர் ஆகாது, ஹீட்டர் அணையக் கூடாது.

எல்லாவற்றையும் அப்படியே செய்தான். செவ்வாய்க்கிழமை, கடையில் வாங்கி வைத்திருந்த உறைபுழு தீர்ந்துபோனது. அவர்கள் குடியிருக்கும் தோட்ட லயத்தின் பின்னால் போய் நாலு மண்புழு எடுத்து வந்து போட்டான். ஆரல் இரண்டைத் தின்றது. மற்ற இரண்டுக்கும் வரிக்கெண்டைகள் அடித்துக்கொண்டன. மறுநாள் ஆரலைக் காணவில்லை. வியாழனன்று ஒரு வரிக்கெண்டை மல்லாந்து மிதந்தது. இன்று காலை இன்னொன்று.

மணலுக்குள் கையை விட அவனுக்குத் துணிவில்லை. தொடாதவரை அது உயிரோடிருந்தது.

சாயங்காலம் பவளம் போன் செய்தாள். நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். ஆரல் சாப்பிடுகிறதா என்று கேட்டாள். சாப்பிடுகிறது என்றான். புழு தீர்ந்திருக்குமே என்றாள். லயத்துக்குப் பின்னால் எடுத்ததைச் சொன்னான்.

"தோண்டினீங்களா?"

"தோண்டவே வேணாம் லா. மேலயே கெடந்துச்சு. தொட்டாக்கூட நெளியல."

போனில் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி ஒன்று உருண்டு போகும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தோட்டத் துரை பார்க்க வருகிறார் என்று கங்காணி சொல்ல, திங்கட்கிழமை லயத்தைச் சுற்றிக் களைமருந்து அடித்தவனே அவன்தான். பதினெட்டு வருடமாக முதுகில் மருந்துப் பம்பு சுமக்கிறான். மருந்து என்றால் புல் சாகும். அதற்கு மேல் அவன் நினைத்ததில்லை.

"கைய விட்டுப் பாருங்க," என்றாள். "போன வைக்காதீங்க. நான் இருக்கேன்."

மூலையிலிருந்து மெல்லத் துழாவினான். மணல், மணல். மரக்கட்டையின் அடியில் வழவழப்பாக ஒன்று தட்டுப்பட்டது. அசையவில்லை. விரலை அதன் முதுகோடு வைத்தபடியே இருந்தான். வெகுநேரம் கழித்து, முதுகு முட்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து விரலில் தைத்தன.

"குத்துது," என்றான்.

அவள் மூச்சு விடுவது கேட்டது. உடனே பாதித் தண்ணீரை மாற்றச் சொன்னாள். பிறகு, தயங்கி, "தண்ணி எங்கேருந்து புடிக்கிறீங்க?"

போனைக் காதில் இடுக்கியபடி குடத்தோடு குழாயடிக்குப் போனவன் மேலே சரிவைப் பார்த்தான். லயத்துக்குத் தண்ணீர் வரும் ஓடை அங்கேதான் இறங்குகிறது. அதன் இரு கரையிலும் மருந்து பட்ட புல் வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. அந்தத் தண்ணீரில்தான் நாலு நாளாகத் தேநீர் போட்டுக் குடிக்கிறான்.

"என்னாங்க? இருக்கீங்களா?"

குழாயில் கையை வைத்தான். திறக்கவில்லை.