மூன்றில் ஒரு பங்கு

கரண்டு அடுப்பில் சோறு பொங்கிய முதல் நாள் ராஜேஸ்வரிக்கு அது திருட்டாகத் தோன்றவில்லை. கெட்டிக்காரத்தனமாகத்தான் தோன்றியது. சிலிண்டர் தீர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. புதுச் சிலிண்டருக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வேண்டும். புருஷன் மாரிக்கண்ணன் வேலை பார்த்த விசைத்தறிக் கூடத்தில் துண்டுக் கட்டுகள் விலை போகாமல் கூரை வரை கிடந்ததால், வாரத்தில் மூன்று நாள்தான் தறி ஓடியது. விறகு எரிக்கலாம் என்றால், சுவரில் கரி படிந்தால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். நாத்தனார் வீட்டுப் பரணில் சும்மா கிடந்த இண்டக்‌ஷன் அடுப்பைக் கேட்டு வாங்கி, முந்தானையால் மூடி எடுத்து வந்தாள் ராஜேஸ்வரி. திருட்டாகத் தோன்றவில்லையென்றால் முந்தானை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வளவில் வீடு மூன்று, மீட்டர் ஒன்று. வாடகை மலிவாக இருந்ததே அதனால்தான். ஒரு வீட்டில் ராஜேஸ்வரி, மாரிக்கண்ணன், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் காவியா. நடு வீட்டில் மைமூனம்மாள், புருஷனை இழந்தவள், ஐம்பத்தைந்து வயது. கடைசி வீட்டில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ ஆற்றும் பொன்னுச்சாமி, கட்டை பிரம்மச்சாரி. இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுக்காரர் போனில் பில்லை அனுப்புவார். பொன்னுச்சாமி அதை மூன்றாகப் பிரித்து வசூல் பண்ணிக் கொண்டுபோய்க் கொடுப்பார். மைமூனம்மாள் மட்டும் நூறு ரூபாய் சேர்த்துக் கொடுப்பாள். அவள் வீட்டில்தான் பிரிட்ஜ் இருந்தது. பழைய பிரிட்ஜ்தான், ஆனால் அதுதான் அவளுக்குச் சோறு போட்டது. பாலும் சேமியாவும் காய்ச்சிச் சின்னப் பாக்கெட்டில் ஊற்றி ஐஸாக்கி ஜன்னல் வழியே விற்பாள். பள்ளிக்கூடம் விட்டால் வளவு வாசலில் பிள்ளைகள் மொய்க்கும். வளவுக்காரர்களின் மாவும் தயிரும் மீன்குழம்பும் அந்தப் பிரிட்ஜில்தான் கிடக்கும். அதற்கு அவள் ஒரு பைசா கேட்டதில்லை.

ராஜேஸ்வரி போட்ட கணக்கு இதுதான். பத்து ரூபாய்க்குக் கரண்டு எரித்தால் நம் தலையில் விழுவது மூன்று ரூபாய் சொச்சம். மிச்சம் இரண்டு வீட்டில் போய்விடும், யாருக்கும் உறைக்காது. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்? சோறு, குழம்பு, காவியா குளிக்க வெந்நீர் எல்லாம் அந்த அடுப்பில்தான். கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தாள். சமைத்து முடித்ததும் அடுப்பு கட்டிலுக்கடியில் போய்விடும். காலிச் சிலிண்டரும் கேஸ் அடுப்பும் இருந்த இடத்திலேயே யோக்கியமாக இருந்தன.

"இது சரியாட்டி?" என்று மாரிக்கண்ணன் ஒரு நாள் கேட்டான்.

"சிலிண்டருக்குக் காசு தாரும், எடுத்துக் கெடாசிருதேன்" என்றாள் அவள். அவன் தட்டில் விழுந்த சூடான சோற்றைத் தின்றான்.

வைகாசி மாசம் பில் வந்தது. பொன்னுச்சாமி போனைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று கூப்பிட்டார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க மக்கா. ரெண்டாயிரத்து எண்ணூறு வந்திருக்கு."

போன தடவை ஆயிரத்து நானூறு. இரட்டிப்பாகும் என்று ராஜேஸ்வரி நினைக்கவேயில்லை.

"ஐநூறு யூனிட்டத் தாண்டிட்டு" என்றார் பொன்னுச்சாமி. "அதத் தாண்டிட்டா கீழ உள்ள யூனிட்டுக்கும் சேர்த்துல்லா ரேட்ட ஏத்துதான். இப்படி ஒரு நாளும் வந்ததில்ல. யாரு வீட்டுல என்ன புதுசா ஓடுது? சண்டைக்குக் கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கேன்."

அவர் எதார்த்தமாகத்தான் கேட்டார். யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்? ராஜேஸ்வரியின் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது.

"எங்க வீட்டுல என்ன அண்ணாச்சி இருக்கு? ஒரு பேன், ரெண்டு லைட்டு. மைமூனக்கா பிரிட்ஜுதான் ராவும் பகலும் ஓடுது. பழசு வேற."

மைமூனம்மாள் திகைத்துப்போய் நின்றாள். "ஒரு வருசமா அதேதானட்டி ஓடுது" என்றாள்.

"பழசாக ஆக இழுக்கத்தான் செய்யும்" என்றார் பொன்னுச்சாமி, யோசித்தபடி.

அடுத்த நாள் மெக்கானிக் ஒருவன் வந்தான். பிரிட்ஜின் முதுகில் காதை வைத்துக் கேட்டான். "கேஸ் குறைஞ்சிட்டு. நிக்காம ஓடுதுல்லா, கரண்ட வாரிக் குடிச்சிரும். இத வச்சிருக்கது நஷ்டம்" என்றான். சொன்னவனே ஆயிரத்து ஐநூறுக்கு அதை வாங்கிக்கொண்டும் போனான். அந்தப் பணத்தில், பில்லில் கூடுதலாக வந்த ஆயிரத்து நானூறை எண்ணிப் பொன்னுச்சாமி கையில் வைத்தாள் மைமூனம்மாள். "எம் பிரிட்ஜு குடிச்சதுக்கு நீங்க ஏன் கொடுக்கணும்? நீங்க எப்பவும் கொடுக்கதக் கொடுங்க" என்றாள். வேண்டாம் என்று பொன்னுச்சாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

ஆக, இரண்டு மாசம் ராஜேஸ்வரி வீட்டில் பொங்கிய சோற்றுக்கெல்லாம் மைமூனம்மாளின் பிரிட்ஜை விற்ற பணம் போனது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அன்றைக்கே ராஜேஸ்வரி அடுப்பின் வயரைச் சுருட்டிக் கட்டினாள். இனி தொடுவதில்லை என்று சங்கரநாராயணர் மேல் ஆணையிட்டாள். மூக்குத்தியை அடகு வைத்துச் சிலிண்டர் வாங்கினாள். தறிக்கூடத்தில் துண்டு மடித்துக் கட்டும் வேலைக்குப் போனாள். செய்த தப்பை இப்படியே நேர் செய்துவிடலாம் என்று நினைத்தாள். பாவம், அவள் திருந்தியதுதான் வினையாகப் போயிற்று.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் அடுத்த பில் வந்தது. ஆயிரத்துச் சொச்சம்தான். பொன்னுச்சாமி சிரித்துக்கொண்டே போனை நீட்டினார்.

"பாத்தீகளா? அந்தச் சவத்துப் பிரிட்ஜு என்ன குடி குடிச்சிருக்கு!"

"ஆமா அண்ணாச்சி" என்றாள் மைமூனம்மாள், தலையைக் குனிந்துகொண்டு. "ஒரு வருசமா உங்க எல்லாத்துக்கும் நஷ்டம் பண்ணியிருக்கேன், தெரியாம."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? ராஜேஸ்வரி அடுப்படிக்குள் போய்ச் சும்மா பாத்திரத்தைத் தேய்த்தாள். அவள் அடுப்பை அணைத்ததால் குறைந்த பில், மைமூனம்மாள் மேல் இருந்த சந்தேகத்தை முத்திரை குத்தி உறுதியாக்கிவிட்டது. இப்போது மைமூனம்மாளே அதை நம்பினாள். அதைத்தான் ராஜேஸ்வரியால் தாங்க முடியவில்லை.

ஐஸ் யாவாரம் போனதும் மைமூனம்மாள் பழையபடி பீடி சுற்ற உட்கார்ந்தாள். மூச்சு இரைக்கிறது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷத்துக்கு முன் விட்ட வேலை அது. புகையிலைத் தூள் நெஞ்சில் இறங்கியது. சுவர் ஒன்றுதான் இரண்டு வீட்டுக்கும் நடுவே. அவள் இருமினால் ராஜேஸ்வரியின் கைக்கரண்டி நின்றுவிடும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருமல் வந்தால் சோறு இறங்காது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை அந்த வாசல் வரை போனாள். போய், "அக்கா, கொஞ்சம் கறிவேப்பில இருக்கா?" என்று கேட்டுத் திரும்பினாள். மைமூனம்மாள் கறிவேப்பிலையோடு காவியாவுக்கு இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துவிடுவாள்.

சொன்னால் என்ன ஆகும்? பொன்னுச்சாமி வீட்டுக்காரரிடம் சொல்வார். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் இந்த வாடகைக்கு டவுனில் வேறு வீடு கிடைக்காது. இது ஒரு காரணம். ஆனால் உண்மையான காரணம் வேறு. அந்த மனுஷி தன்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்ற பயம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

ஐப்பசியில் மைமூனம்மாளுக்கு உம்ரா போகிற பாக்கியம் வந்தது. அவள் புருஷன் யாகூப் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த ஜவுளிக்கடையின் முதலாளி, வருஷத்துக்கு இரண்டு ஏழை விதவைகளைத் தன் செலவில் மக்காவுக்கு அனுப்பி வைப்பார். இந்த வருஷம் அவள் பெயர் வந்துவிட்டது. வளவே சந்தோஷப்பட்டது. ராஜேஸ்வரியும் சந்தோஷப்பட்டாள். படைத்தவன் பார்த்து ஈடு செய்துவிட்டான், தன் பாரம் பாதி குறைந்தது என்றுகூட நினைத்துக்கொண்டாள். மனசுக்கு எப்படியெல்லாம் சமாதானம் தேடத் தெரிகிறது!

அப்படிப் பயணம் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் தெரிந்தவர் வீடெல்லாம் போய்ப் பொருத்தம் கேட்பார்கள். அறிந்தோ அறியாமலோ செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி, மனிதருக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிட்டுத்தான் போக வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மைமூனம்மாள் ராஜேஸ்வரி வீட்டுக்கு வந்தாள். மாரிக்கண்ணன் தறிக்குப் போயிருந்தான், காவியா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"நாளக்கழிச்சுக் கிளம்புதேன் ராசேஸ்வரி. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தக் கரண்டு பில்லுல எத்தன தடவ உங்க வீட்டுக் காசு எம் பிரிட்ஜுக்குப் போச்சோ, எனக்குத் தெரியல. பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க வேண்டிய காசு அது. அடுத்தவுக ஹக்க, அவுகளுக்குச் சேர வேண்டியத, தலையில வச்சுக்கிட்டு அங்கன போயி நிக்க முடியாது மக்கா. பொறுத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு."

ஒரு வார்த்தைதான். சொன்னால் எல்லாம் முடிந்தது. அவளும் நிம்மதியாகப் போவாள். ராஜேஸ்வரி எழுந்து கட்டிலுக்கடியில் குனிந்து அடுப்பை இழுத்து வெளியே வைத்தாள்.

"பிரிட்ஜு இல்லக்கா. இதுதான்."

மைமூனம்மாள் அடுப்பைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"இதுலயா சமைச்ச?"

"ஆமாக்கா."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசம். சிலிண்டர் வாங்க வழியில்ல."

"அன்னைக்குப் பிரிட்ஜுன்னு நீதான மொதல்ல சொன்ன?"

"ஆமாக்கா."

மைமூனம்மாளுக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பொறுத்துட்டேன்" என்றாள்.

அத்தனை சீக்கிரம் அது வரும் என்று ராஜேஸ்வரி எதிர்பார்க்கவில்லை. அழுகை பொங்கியது. "அப்படிச் சொல்லாதீங்கக்கா. நாலு வார்த்த வையுங்க. செருப்பக் கழத்தி அடிங்க."

"எப்படிட்டி வைய?" என்றாள் மைமூனம்மாள். "ஒருத்தர் மேல கசப்ப வச்சுக்கிட்டு அங்கன போகப்படாதுல்லா. அஞ்சு மாசத்துக்கு முந்திச் சொல்லியிருந்தா முத்தத்துல நின்னு வஞ்சிருப்பேன். வளவே கேட்டிருக்கும். ஒரு வாரத்துல மறந்தும் போயிருப்பேன். இப்ப வந்து சொல்லுத. எனக்குக் கோவப்படக்கூட வழியில்லாமப் பண்ணிட்டியே, பாவி."

எழுந்து வாசல் வரை போனவள் நின்றாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "வாயி பொறுத்துட்டு. மனசும் பொறுக்கணும்னு அங்கன போயிக் கேக்கேன்."

இரண்டு நாளும் ராஜேஸ்வரி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மைமூனம்மாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பது பொன்னுச்சாமி எப்போதும்போல் பேசுவதிலிருந்து தெரிந்தது. நடந்ததைச் சொன்னபோது மாரிக்கண்ணன், "நானும்தான தின்னேன்" என்றான்.

கிளம்புகிற நாள் காலையில் ஆட்டோ வந்து வளவு வாசலில் நின்றது. தெருவே கூடிவிட்டது. மைமூனம்மாளின் தங்கை மகபூப் பீவி முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ராஜேஸ்வரி பையைத் தூக்கி வந்து ஆட்டோவில் வைத்தாள். மைமூனம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை.

"மைமூனக்கா, எங்களுக்கும் சேர்த்து துவாக் கேளுங்க" என்றார் பொன்னுச்சாமி, கலகலப்பாக. "கரண்டு பில்லு இப்படியே குறைஞ்சு இருக்கணும்னு கேளுங்க. திரும்பி வந்து இன்னொரு பிரிட்ஜு வாங்கிராதீக, தாங்காது எங்களுக்கு!"

கூட்டம் சிரித்தது. மைமூனம்மாளும் சிரித்த முகமாகத் தலையை ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ஒரு வார்த்தையில் அவள் அதை மறுத்திருக்கலாம். குற்றவாளி இரண்டடி தூரத்தில்தான் நின்றிருந்தாள். அவள் மறுக்கவில்லை. டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

"பிரிட்ஜு இல்ல அண்ணாச்சி" என்றாள் ராஜேஸ்வரி.

ஆட்டோச் சத்தத்தில் பொன்னுச்சாமிக்குக் கேட்கவில்லை. இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். ராஜேஸ்வரி ஆட்டோவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, வண்டிய ஆஃப் பண்ணு. ஒரு நிமிசம்."

சத்தம் நின்றது. தெருவில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடப் பையோடு நின்ற காவியாவும் பார்த்தாள்.

"பில்லு கூடுனது பிரிட்ஜால இல்ல அண்ணாச்சி. நான் கதவச் சாத்திக்கிட்டு ரெண்டு மாசம் கரண்டு அடுப்புல சமைச்சேன். அத நிப்பாட்டுனதுனாலதான் பில்லு குறைஞ்சுது. அக்கா பேர்ல பழியப் போட்டது நான்தான்."

பொன்னுச்சாமியின் முகத்தில் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "நீயாட்டி?" என்றார். கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். மாரிக்கண்ணன் வந்து பெண்டாட்டி பக்கத்தில் நின்றுகொண்டான், தலை நிமிரவில்லை. மைமூனம்மாள் ஏதாவது சொல்வாள் என்று எல்லோரும் ஆட்டோவைப் பார்த்தார்கள். போகட்டும் விடுங்கள் என்று சொல்வாள், எனக்கு எப்போதோ தெரியும் என்று சொல்வாள் என்று ராஜேஸ்வரியும் உள்ளுக்குள் ஏங்கினாள்.

மைமூனம்மாள் ஆட்டோவிலிருந்து தலையை வெளியே நீட்டி, பொன்னுச்சாமியை, தெருவை, கடைசியாக ராஜேஸ்வரியை ஒரு தடவை பார்த்தாள்.

"எல்லாரும் கேட்டாச்சுல்லா?" என்றாள். "இனி எடு தம்பி வண்டிய."