தொடாத பொத்தான்

ஒலியுல்லா பொத்தான்களை அமுக்கவில்லை, அடித்தார். இடது கையின் கட்டைவிரலும் சுண்டுவிரலும் அகலமாய் விரிந்து ஆளுக்கொரு பொத்தானில் இறங்க, வலது கையின் ஆள்காட்டி விரல் மூன்றாவதைக் குத்தியது. முக்காலி ஆடி, மேலேயிருந்த டீ கிளாஸ் தளும்பியது. அதன் பக்கத்தில் இருந்த, அவருக்காகப் பேசுகிற கறுப்பு டப்பா ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு, அவருடைய தம்பி ஹபீபின் குரலில் நிதானமாகச் சொன்னது: "சரி. எனக்குச் சம்மதம்."

அடுக்களை வாசலில் நின்றிருந்த மகள் அர்ஃபாவுக்கு முதலில் காதுதான் கோளாறு என்று தோன்றியது. நாயுடுபுரத்துப் பூண்டுக் கடையை விற்றுவிடலாமா என்று பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி இப்போதுதான் அத்தாவைக் கேட்டிருந்தார். அண்ணன் தம்பி இருவருக்கும் பாதிப் பாதி உள்ள கடை. திண்டுக்கல்லில் இருந்து வந்த சிவராமன் என்பவருக்கு கடை இருக்கிற சாலை வளைவில் லாட்ஜ் கட்ட வேண்டும், அதற்குக் கடை வேண்டும். ஹபீபுக்கு விற்க ஆசை. ஒலியுல்லாவுக்கு உயிர் போனாலும் மனசில்லை. அது இந்த வீட்டில் பூனைக்குக்கூடத் தெரியும்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த ஹபீப். "அண்ணனே சொல்லிட்டாரு. ஒரு பாத்திஹா ஓதிருவோங்க."

என்ன வேகம். ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த முத்தவல்லி தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, கைகளை ஏந்திவிட்டார். பேசி முடித்த காரியத்தின் மேல் பாத்திஹா ஓதிவிட்டால் அந்த ஊரில் அது பத்திரத்தைவிடப் பெரிசு. கல்யாணப் பேச்சானாலும் சரி, கடைப் பேச்சானாலும் சரி, ஓதிச் சீனி கொடுத்த பிறகு வார்த்தை மாறினவன் வீட்டில் பெண் எடுக்க ஆள் வராது. ஓதும்போது குறுக்கே யாரும் பேசவும் மாட்டார்கள். ஒலியுல்லா தலையை ஆட்டினார். இடமும் வலமும், இடமும் வலமும், கழுத்துத் துணி நழுவி விழுகிற அளவுக்கு ஆட்டினார். கண்ணை மூடி ஓதுகிறவருக்கு அது எப்படித் தெரியும்? ஹபீப் கண்ணை மூடவில்லை. அவர் பார்த்துக்கொண்டேதான் ஆமீன் சொன்னார்.

அர்ஃபாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

ஒலியுல்லாவின் வாய் அந்த பஜாருக்கே தெரிந்த வாய். அட்டுவம்பட்டிப் பக்கமிருந்து மலைப்பூண்டு விளைவித்துக் கொண்டுவருகிற சம்சாரிகளோ, கீழே இருந்து வருகிற வியாபாரிகளோ, ஒவ்வாத விலை சொன்னால் "இல்ல வேணாம் போ" என்று ஒரே மூச்சில் விடுவார். மூன்று வார்த்தை என்று யாரும் பிரித்துக் கேட்டதில்லை. எதிர்க்கடையில் டீ குடிக்கிறவன் கிளாஸைக் கீழே வைத்துத் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டையைத்தான் மதுரை ஆஸ்பத்திரியில் புற்றோடு சேர்த்து எடுத்துவிட்டு, கழுத்தில் மூச்சுக்கு ஓர் ஓட்டை மட்டும் விட்டு அனுப்பினார்கள். எழுதிக் காட்டவும் வழியில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு, கையெழுத்தும் கணக்கும் தவிர எழுத்து வராது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, வாய் போன பிள்ளையை இந்த ஊர் என்ன செய்யும் என்பதை அர்ஃபா ஆறே மாதத்தில் பார்த்துவிட்டாள். அவரை உட்கார வைத்துக்கொண்டே அவரைப் பற்றி அடுத்தவரிடம் கேட்பார்கள். சாப்பிட்டாரா, தூங்கினாரா, மனசு எப்படி இருக்கு. அவர் அங்கேயேதான் இருப்பார்.

அதனால்தான் அந்த டப்பாவைச் செய்தாள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் பார்க்கிறவள், உள்ளங்கையில் பாதி அளவுள்ள ஒரு மைக்ரோகண்ட்ரோலரை வாங்கி, அதற்குப் பைத்தானில் நிரல் எழுதினாள். பதினாறு பொத்தான்கள், குறுக்கே நாலு வரிசை, நெடுக்கே நாலு பத்தி. பொத்தானுக்கு ஒரு கம்பி என்று இழுத்தால் கட்டுப்படியாகாது. எட்டே கம்பி போதும். வரிசை வரிசையாகக் கொஞ்சம் மின்சாரம் விட்டு, எந்தப் பத்தியில் அது எட்டிப் பார்க்கிறது என்று நிரல் கேட்கும். வரிசையும் பத்தியும் சேர்கிற இடம்தான் அமுக்கிய பொத்தான். பொத்தானுக்கு ஒரு பேச்சு. தண்ணி வேணும், வலிக்குது, கதவைச் சாத்து, மழை வருது. அத்தா இடத்தை வைத்தே பழகிவிட்டார், கடையில் எந்த மூட்டை எங்கே என்று இருட்டிலும் சொல்கிற மனுஷனாயிற்றே.

குரலுக்குச் சச்சா ஹபீபிடம்தான் போனாள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல், போனில் அம்மாவே ஏமாந்திருக்கிறாள். சச்சா கண் கலங்கிக்கொண்டேதான் பேசிப் பதிந்து கொடுத்தார். அந்தக் கண்ணீர் பொய்யில்லை, அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

சம்மதம் என்கிற பொத்தானைத் தவறிக்கூட யாரும் தொடக்கூடாது என்று வலது பக்கக் கீழ் மூலையில் தள்ளி வைத்திருந்தாள். இடது பக்கம் மேலே 'இல்ல', நேர் கீழே கடைசியில் 'போ', வலது பக்கம் மேலே 'வேணாம்'. மூன்று மூலையில் மூன்று மறுப்பு, நாலாவது மூலையில் சம்மதம்.

சீனித் தட்டோடு அம்மா சர்புன்னிசா தன்னைக் கடந்து போகும்போதுதான் அர்ஃபாவுக்கு உறைத்தது. மூன்று மூலையையும் சேர்த்து அமுக்கினால் மின்சாரம் அந்த மூன்றின் வழியாகவே சுற்றிக்கொண்டு நாலாவது மூலைக்கு வந்துவிடும். யாரும் தொடாத பொத்தானை நிரல் அமுக்கியதாக எடுத்துக்கொள்ளும். கடைசியாகக் கண்டதைத்தான் பேச வேண்டும் என்று எழுதியவளும் அவள்தான். பொத்தானுக்கு ஒரு டையோடு போட்டால் மின்சாரம் பின்னால் திரும்பாது, இல்லையென்றால் ஒரு சமயத்தில் ஒரு பொத்தான் மட்டும் அமுக்க வேண்டும் என்று பாடத்தில் படித்திருந்தாள். எங்கள் அத்தா ஒவ்வொன்றாகத்தானே அமுக்கப் போகிறார் என்று விட்டுவிட்டாள். யார், 'இல்ல வேணாம் போ' ஒலியுல்லாவா? தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. பெற்ற தகப்பனின் கோபம் தெரியாமல் ஒரு வாய் செய்து கொடுத்திருக்கிறாள்.

"யாரும் சீனி எடுக்காதீங்க," என்று கூடத்துக்கு வந்தாள். "அத்தா சம்மதம் சொல்லல. மூணு பொத்தானச் சேத்து அடிச்சா அது தப்பாப் பேசும்."

"மெஷினு சொன்னத நாங்க எல்லாரும் கேட்டோம் புள்ள," என்றார் ஹபீப். "இம்புட்டு நாளு தண்ணி கேட்டப்ப தப்பாப் பேசலயே. இன்னைக்கு மட்டும் தப்பா?"

"அத்தா தலையாட்டுறாரே, தெரியலயா உங்களுக்கு?"

"ஒடம்பு முடியாதவரு. இப்ப ஒண்ணு தோணும், பொறவு ஒண்ணு தோணும். ஓதியாச்சு. விடு."

முத்தவல்லி தாடியைத் தடவினார். "ஓதுன பேச்சும்மா," என்றார் தயக்கமாக.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவரும் டப்பாவைத்தான் பார்த்தார், ஒலியுல்லாவைப் பார்க்கவில்லை. ஆறடி மனுஷன் எதிரில் உட்கார்ந்து மாட்டேன் மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறான், அது யார் கண்ணிலும் படவில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பா முனகியது மட்டும் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்று நினைக்கிற ஹபீபுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அர்ஃபா டப்பாவைத் தூக்கி ஹபீபின் முன்னால் வைத்தாள்.

"சச்சா, உங்க பங்கையும் எங்க அத்தாவுக்கே விட்டுக் குடுத்துர்றீங்களா?"

"என்ன பேச்சு பேசுற நீ?"

"வாயால சொல்ல வேணாம். இதுல சொல்லுங்க. அத்தாவுக்கு இதுதான வாயி."

ஹபீப் முத்தவல்லியைப் பார்த்துச் சிரித்தார். சின்னப்பிள்ளை விளையாட்டுக்கு இணங்குகிறவர் மாதிரி விரலை நீட்டி இடது மேல் மூலையை அமுக்கினார். "இல்ல," என்றது டப்பா, அவர் குரலிலேயே.

"பாத்தீங்களா, சரியாத்தான சொல்லுது."

"வெரல எடுக்காதீங்க." அர்ஃபா தன் இரண்டு விரல்களை 'வேணாம்' மேலும் 'போ' மேலும் வைத்து அழுத்தினாள்.

"சரி. எனக்குச் சம்மதம்."

முத்தவல்லி குனிந்து வலது கீழ் மூலையைப் பார்த்தார். அந்தப் பொத்தானில் யார் விரலும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நான் எங்க சொன்னேன்?" ஹபீப் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "கொரலு என்னதுதான். நான் சொல்லலயே. இல்லன்னுதான அமுக்குனேன்."

"அத்தாவும் அதான் அமுக்குனாரு சச்சா."

சர்புன்னிசா சீனித் தட்டைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள். யாரும் தடுக்கவில்லை. அர்ஃபாவுக்கு ஜெயித்த மாதிரி இல்லை, கோபமும் இறங்கவில்லை. பெற்றவர் வேண்டாம் என்று சொன்னதை வித்தை காட்டியா நம்ப வைக்க வேண்டும்? இதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டுமா இவர்களுக்கு? பத்திரத்தில் சச்சாவின் பாதி அப்படியேதான் இருக்கிறது. அவர் நாளைக்கு வேறு வழி தேடமாட்டார் என்று யார் சொல்வது?

அப்போது ஒலியுல்லா எழுந்தார். டப்பாவை ஒரு பக்கமாகத் தள்ளினார். தம்பிக்கு எதிரே முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, குனிந்திருந்த அவர் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். ஹபீப் கண்ணைத் தாழ்த்தப் பார்த்தார். முகவாயை அழுத்தி நிமிர்த்தியது அண்ணனின் கை. மூச்சுக்கு மூச்சு கழுத்துத் துணி உள்ளே போய் வந்துகொண்டிருக்க, தம்பியின் கண்ணுக்குள் பார்த்தபடி, ஒலியுல்லா மெதுவாக, மிக மெதுவாகத் தலையை இடப்பக்கம் திருப்பினார். பிறகு வலப்பக்கம்.