துடுப்புக்குத் திறன் இல்லை

பிரபின் அந்த அட்டைக்கட்டை மேசையில் வைத்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. ஓரத்தை வளைத்து வெட்டி, பளபளவென்று லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தான். கல்யாணப் பத்திரிகையைக்கூட இவ்வளவு அக்கறையாக யாரும் அடிக்கமாட்டார்கள்.

தோவாளையில் ஸ்ரீகுமார் வீட்டு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் நாலு பேர் கூடுவோம். 2014-இல் இதை வெளியே சொன்னால் ஒன்று சூதாட்டம் என்பார்கள், இல்லை சின்னப்பிள்ளை விளையாட்டு என்பார்கள். இரண்டும் இல்லை. ஸ்ரீகுமார் கதை சொல்லுவான். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்போம். கொள்ளைக்காரன் வருகிறான் என்று அவன் சொன்னால், நம் ஆள் என்ன செய்கிறாள் என்று நாம் சொல்ல வேண்டும். அது நடக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகமுள்ள ஒரு பகடையை உருட்ட வேண்டும். அவன் கேட்ட எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் நடந்தது. அவ்வளவுதான் விளையாட்டு.

என் ஆள் பெயர் செலின். கடற்கரைக்காரி, ஆயுதம் துடுப்பு. வாள் எடு, கோடாலி எடு என்று ஆரம்பத்திலேயே சொல்லிப் பார்த்தார்கள், நான் கேட்கவில்லை. முட்டத்தில் எங்கள் வீட்டுத் துடுப்பு செய்யாத வேலை கிடையாது. அப்பா அதைப் பாறையில் ஊன்றி வள்ளத்தை விலக்குவார். கரைக்கு வந்தால் அம்மா அதில் துணி காயப்போடுவாள், கருவாட்டுக்கு வரும் நாயை விரட்டுவாள், முருங்கைக்காய் தட்டுவாள். செலினும் அந்த ஜாதிதான். துடுப்பால் காலை வாருவாள், மணலை அள்ளிக் கண்ணில் வீசுவாள், விளக்கைத் தட்டி அணைப்பாள். ஒரு வருஷமாக அவளை யாராலும் கொல்ல முடியவில்லை.

பிரபினுக்குத் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. யாரோ வெளிநாட்டுக்காரர்கள் இணையத்தில் எழுதிய விதிகளைப் படித்துவிட்டு, ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தனியாக ஒரு திறன் வைத்து அட்டை அடித்திருந்தான்.

"இப்ப வாளு, கத்தி, கம்பு எல்லாம் ஒண்ணுதான். உருட்டு, அடி. உருட்டு, அடி. போரடிக்கல்லியா? இனி ஈட்டிக்கு ஈட்டியோட குணம், சங்கிலிக்குச் சங்கிலியோட குணம்," என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அஜிதாவைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் தக்கலைக்காரி, பி.எட். படிக்கிறாள். தன் முறை வந்தால் "நானும் அம்பு விடுகேன்" என்பதற்கு மேல் ஒரு வருஷமாக ஒரு சொல் சொன்னதில்லை. அன்றைக்கு வில்லின் அட்டை கைக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரியின் உடையை அம்பால் சுவரோடு சேர்த்துத் தைக்கலாம் என்று அதில் இருந்தது. ஒரு காவல்காரனைக் கதவோடு தைத்துவிட்டு, அவனிடம் வழியும் கேட்டாள். அவளா இவள் என்று எனக்கே ஆச்சரியம்.

அடுத்தது என் முறை. "செலின் பக்கத்துல நிக்கவன் காலை வாருகா," என்றேன்.

"அது சங்கிலிக்குள்ள திறன்," என்றான் பிரபின். "துடுப்பு கம்பு வகையில வரும். கம்புக்கு ஓங்கியடி. அடிக்கு ரெண்டு புள்ளி கூடுதல்."

"போன வாரம் வரைக்கும் வாரினாளே."

"போன வாரம் அட்டை இல்ல."

"அப்ப அட்டை எனக்கு என்னத்த தந்துது? கையில இருந்ததைப் புடுங்கிட்டு ரெண்டு புள்ளி தருகு."

ஸ்ரீகுமாரைப் பார்த்தேன். அவன் தாடையைச் சொறிந்தான். "எல்லாரும் எல்லாத்தையும் செய்யலாம்ணா, பொறவு அட்டைக்கு என்ன மதிப்பு ஜெமி?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாகர்கோவிலில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை எனக்கு. அங்கே டாக்டர் பேசும்போது நான் வாய் திறக்கக் கூடாது. வீட்டில் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் சத்தமாகச் சிரிக்கக் கூடாது. வாரம் முழுக்க 'அது உனக்குள்ளது இல்ல' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், அதைக் கேட்காத ஒரே இடத்துக்குத்தான் பஸ் மாறி வந்துகொண்டிருந்தேன். இப்போது இங்கேயும் அதையே லேமினேட் செய்து வைத்துவிட்டார்கள்.

"எங்க ஊர்ல கரமடி இழுக்கும்போ கயித்துல கை வச்சவன் எல்லாரும் இழுக்கலாம்," என்றேன். "கயிறு இழுக்குக திறன் உனக்கு உண்டாண்ணு ஒருத்தரும் கேக்கமாட்டாவ."

"அது மீன் பிடிக்குக வலை. இது சண்டை."

"ஒரு நாளு வந்து இழுத்துப் பாரு. அதுவும் சண்டைதாண்ணு தெரியும்."

ஸ்ரீகுமார் கையைத் தூக்கினான். "இண்ணைக்கு அட்டையோட ஆடிப் பாப்போம். நல்லாயிருந்தா இனி எப்பவும் அப்படித்தான்."

"எனக்கு அட்டை வேண்டாம். செலின் செத்தா நான் எழும்பிப் போறேன். பொறவு வரமாட்டேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை போனால் எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது? ஆனால் சொல்லைத் திரும்ப எடுக்க ரோஷம் விடவில்லை.

சண்டை கடலோரப் பாறையில். கொள்ளைக்காரத் தலைவன் ஆறடிக்கு மேல் உயரம், கழுத்து முதல் கணுக்கால் வரை இரும்புச் சட்டை. பிரபின் எடுத்த எடுப்பில் வாளின் திறனைப் பயன்படுத்தி, ஒரே சுழற்றில் தலைவனின் ஆட்களைச் சாய்த்துவிட்டான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் திறன் ஒரு சண்டைக்கு ஒரு தடவைதான். அதற்குப் பிறகு அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டே உருட்டினான், அடித்தான். உருட்டினான், அடித்தான். இரும்புச் சட்டையில் ஒன்றும் ஏறவில்லை. அஜிதாவின் அம்பு தைப்பதற்கும் தலைவன் மேல் துணி இல்லை.

தலைவன் செலினைப் பாறை விளிம்பில் ஒதுக்கினான். பின்னால் கடல். இன்னொரு அடி விழுந்தால் முடிந்தது.

பிரபின் சங்கிலி அட்டையை என் பக்கம் நகர்த்தினான். "ஏட்டி, வீம்பு புடிக்காத. இதை எடுத்துக் காலை வாரு. பிழைச்சுப் போ."

அன்பாகத்தான் தந்தான். அதுதான் இன்னும் எரிந்தது. அட்டையைத் திருப்பித் தள்ளினேன்.

"அவன் நிக்கது பாசிப் பாறை. மேல கெடக்கது இரும்பு. செலின் அவனை அடிக்கல்ல. துடுப்பை அவன் ரெண்டு காலுக்கும் ஊடால குடுத்து நெம்புகா."

ஸ்ரீகுமார் பகடையைப் பார்த்தான். அவனுக்கும் கஷ்டமாக இருந்தது, எனக்குத் தெரிந்தது. "அட்டைப்படி அது முடியாது, ஜெமி. ஓங்கியடி மட்டும்தான்."

"முடியாதுண்ணா முடியாதுண்ணு சொல்லு. அவ அதைத்தான் செய்யுகா."

"சரி. நடக்கல்ல. அஜிதா, உன் முறை."

அஜிதா தன் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் அம்பு விடல்ல," என்றாள். "வில்லைக் கீழ போட்டாச்சு. ஓடிப்போய் அந்தத் துடுப்போட மத்த நுனியைப் புடிச்சு நெம்புகேன்."

"வில்லுக்கு அப்படித் திறன் இல்லியே," என்றான் பிரபின்.

"வில்லு கீழ கெடக்குண்ணு சொன்னேன். நான் என் கையைச் சொல்லுகேன்."

அவள் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்ரீகுமாரின் முகத்தையே பார்த்தாள். ஸ்ரீகுமார் பிரபினைப் பார்த்தான். பிரபின் அட்டைக்கட்டைப் பார்த்தான்.

"இரும்புச் சட்டை போட்டவன்," என்றான் பிரபின் கடைசியில். "லேசா சாயமாட்டான். ரெண்டு பேரு நெம்பினாலும் பதினேழு வேணும்."

அட்டையில் எங்கும் அந்தப் பதினேழு இல்லை. அவனே யோசித்துச் சொன்ன எண் அது.

அஜிதா உருட்டினாள். பகடை மேசை நுனிவரை ஓடி நின்றது. ஒன்பது.

தலைவன் அசையவில்லை. அவன் முறை வந்தது. ஸ்ரீகுமார் எல்லோரும் பார்க்கவே உருட்டினான். கோடாலி இறங்கியது. செலின் துடுப்போடு கடலில் விழுந்தாள். பெயர், ஆயுதம் எல்லாம் ஒரு வருஷமாக என் கையெழுத்தில் கிடந்த அவளுடைய தாளை விளையாட்டின் வழக்கப்படி நானே கிழித்தேன்.

எனக்கு அழுகை வரவேண்டும். வரவில்லை. இந்த மேசையில் இப்படி ஒரு சண்டையை நாங்கள் போட்டதே இல்லை. அஜிதாவின் கண்ணும் பளபளத்தது. அவள் இன்னும் கற்பனைத் துடுப்பைப் பிடித்திருப்பதுபோல் கையை மூடியே வைத்திருந்தாள்.

பிரபின் தொண்டையைச் செருமினான். "செலின் செத்தா எழும்பிப் போறேண்ணு சொன்னது நீதான், கேட்டியா," என்றான். கேலியும் இருந்தது, பயமும் இருந்தது.

"சொன்னேன். இப்ப போவ மனசில்ல."

"சொல்லுண்ணா சொல்லு இல்லியா?"

நான் நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டேன். "என்னைப் போகச் சொல்லுக அட்டை அந்தக் கட்டுல எங்க இருக்கு, எடுத்துக் காட்டு. போறேன்."

பிரபின் கட்டைத் தொடவில்லை. ஸ்ரீகுமார் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினான். நான் பேனாவைத் திறந்து, பெயருக்கும் முன்னால், ஆயுதம்: துடுப்பு என்று எழுதினேன்.