ஊதாப் பூவுக்கு என்ன வாசம்

மாரண்டஹள்ளியில் தக்காளியும் பீன்ஸும் போடுகிற ராஜப்பனுக்கு வாசனை தெரியாமல் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. கொரோனாக் காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கொஞ்ச நாளில் திரும்பிவிடும் என்று இருந்தார். திரும்பவில்லை. மனைவி காவேரியிடம் சொல்லவும் இல்லை. அந்தக் காய்ச்சலின்போது அவர் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்து பாதியாகிப் போனவள் அவள். மறுபடியும் எதற்குப் பயமுறுத்துவது என்று முதலில் தள்ளிப்போட்டார். அப்புறம், இத்தனை நாள் சொல்லாததை இப்போது எந்த வாயால் சொல்வது என்றாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் பினாங்கில் இருக்கும் மகள் தேவிப்பிரியா இருவருக்கும் டிக்கெட் போட்டு வரவழைத்தாள். அங்கே மருமகனுக்குக் கம்பெனி வேலை.

காவேரிக்கு அந்த ஊர்க் கட்டடங்கள் கண்ணில் படவே இல்லை. பஸ் நிறுத்தத்திலும், சாப்பாட்டுக் கடை வாசலிலும், பாலத்துக்கு அடியிலும் அவள் பார்த்ததெல்லாம் பூக்களைத்தான். "செம்பருத்தி பாருங்க, தோசை அகலத்துக்கு!" என்று நடுத்தெருவில் நின்றுவிடுவாள். ஒரு வேலியோரம் சிவப்பும் மஞ்சளுமாகக் கிளி மூக்குகளை அடுக்கித் தொங்கவிட்டது போல ஒரு பூ இருந்தது. அதைப் பிளாஸ்டிக் என்றே நினைத்தாள். தொட்டுப் பார்த்து நிஜப் பூ என்று தெரிந்ததும் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ராஜப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே பின்னால் நடந்தார். பார்க்க அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. மோந்து பார்க்கச் சொல்லிவிடுவாளோ என்ற பயம் மட்டும் கூடவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் இருந்த ஒரு பூங்காவுக்குப் போனார்கள். மகள் இளநீர் வாங்கப் போயிருந்தாள். மரத்தில் ஒட்டி வளர்ந்த செடியிலிருந்து ஊதா நிறப் பூ ஒன்று கீழே விழுந்து கிடந்தது. காவேரி அதை எடுத்து மோந்துவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"எப்படி இருக்குது, பாருங்க."

ராஜப்பன் கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். "அடேயப்பா! நம்ம மல்லியெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது."

காவேரி அவரையே பார்த்தாள்.

"இதுல ஒரு வாசமும் இல்லீங்களே."

அவர் மறுபடி மோந்தார். "லேசா இருக்குது..."

"இல்லீங்க. வெறும் தண்ணி மாதிரி இருக்குது. வாசமே இல்லியேன்னுதான் உங்களக் கேட்டேன்."

அவருக்குக் காது சூடானது. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். இனி மறைக்க ஒன்றும் இல்லை. "எனக்கு மூக்குல ஒன்னும் தெரியறதில்ல, காவேரி. அந்தக் காய்ச்சல்லயே போயிடுச்சு."

அவளுக்கு அது உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் கோபம்தான் வந்தது. "பொய் சொல்லாதீங்க. ஊர்ல இருந்து கிளம்பற அன்னிக்குக்கூட, ரசத்துல பூண்டு வாசம் தூக்கலா இருக்குதுன்னீங்க!"

"நீ ரெண்டு பூண்டு சேத்துத் தட்டுனத பாத்தேன்."

"கொத்தமல்லித் துவையல்?"

"தழை ஆயறப்ப பக்கத்துலதான நின்னேன்."

காய்ச்சலுக்கு அப்புறம் இந்த மனுஷன் அடுப்படி வாசலைவிட்டு நகராமல் நின்றதும், என்ன போடுகிறாள், எதைக் கிள்ளுகிறாள் என்று பார்த்ததும் காவேரிக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எத்தனை தரம் "வூட்டு ஆம்பளைக்கு இங்க என்ன வேலை, போங்க அந்தப் பக்கம்" என்று விரட்டியிருக்கிறாள்! அத்தனையும் சாப்பிட உட்கார்ந்ததும் அவளை நாலு வார்த்தை மெச்சுவதற்காக.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னா நான் என்ன, வேணாம்னு விட்டுட்டா போயிருப்பேன்?"

"நீ பயந்துக்குவேன்னு நெனச்சேன்."

"இப்ப மட்டும் பயப்படலியா?"

இளநீரோடு வந்த மகளிடம் காவேரி அங்கேயே, அப்போதே சொன்னாள். தேவிப்பிரியா திட்டினாள், அழுதாள், போனை எடுத்து டாக்டர்களைத் தேடினாள். ராஜப்பன் இளநீரை மெதுவாக உறிஞ்சினார். பாரம் இறங்கியதில் அவருக்கு அது கூடுதலாக இனித்த மாதிரி இருந்தது.

அன்று மீதிப் பூங்காவையும் சுற்றினார்கள். வெள்ளையாக ஒரு பூ. காவேரி குனிந்து மோந்தாள். "இதுல இருக்குது. இஞ்சியத் தேன்ல போட்டு வெச்சாப்பல." அடுத்த மரம். "இது ஆவல. பழுத்துக் கெட்ட பலா மாதிரி. உங்களுக்கு நட்டமில்ல, வாங்க." ராஜப்பன் சத்தமாகச் சிரித்தார்.

ஊர் திரும்பியதும் காவேரி அவரைத் தர்மபுரியில் காது மூக்கு டாக்டரிடம் அழைத்துப்போனாள். தினமும் கிராம்பு, எலுமிச்சைத் தோல், யூகலிப்டஸ் எண்ணெய் என்று மோந்து பழகச் சொன்னார் அவர். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார். காவேரி விடாமல் காலையும் மாலையும் அவர் மூக்கருகே நீட்டுகிறாள். இதுவரை ஒன்றும் தெரியவில்லை.

போன வாரம் விடிகாலையில் இருவரும் தக்காளிக்குத் தண்ணீர் கட்டப் போனார்கள். வரப்பில் முன்னால் போன காவேரி சட்டென்று நின்று அவர் கையைப் பிடித்தாள்.

"பக்கத்துக் காட்டுல பயிருக்குப் பூச்சி மருந்து அடிச்சிருக்காங்க. நெடி தாங்கல. இந்தப் பக்கமா வாங்க."

அவள் இழுத்த பக்கமே அவர் நடந்தார்.