குறட்டையில் காய்ந்த பூச்சு

“ஒரு மத்தியானம் நான் விட்ட குறட்டையிலேயே என் பேட்டரி ஐந்நூறு சுற்று ஓடப்போகுது, பாருங்க!”

பணி ஓய்வு விழாவில் பூச்சம்மா மைக்கைப் பிடித்துச் சொன்னபோது, கேக்கை வாயில் வைத்திருந்த அத்தனை பேருக்கும் புரையேறியது. சிரித்த சிரிப்பில் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிகள் இன்னும் ஆடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

முப்பது வருடமாக அங்கே பூசுவதுதான் அவள் வேலை. பேட்டரியில் லித்தியம் ஒரு பக்கம், கந்தகம் ஒரு பக்கம். நடுவே வெங்காயச் சருகு போல ஒரு தடுப்புத்தாள். கந்தகமோ வீடு தங்காத பிள்ளை. கரைந்து பழுப்பாகி, தாளைத் தாண்டி லித்தியத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். பேட்டரி படுத்துவிடும். அதை மறிக்கத்தான் தாளில் கரிக்குழம்பைப் பூசி அடுப்பில் உலர்த்துவாள். உலர்ந்ததும் மயிரிழையாய் வெடிப்பு. கந்தகத்துக்கு அது ராஜபாட்டை. பேட்டரியில் ஒரு முறை மின்சாரம் ஏற்றி இறக்கினால் ஒரு சுற்று. அவள் பூசிய எதுவும் அதுவரை இருநூறு சுற்றைக் கண்டதில்லை. ஒன்றே ஒன்று ஐந்நூறைத் தொட்டால் போதும், முப்பது வருடமும் வீணில்லை என்று மனசு ஆறிவிடும்.

ஓய்வுக்கு ஆறு வாரம் முன்பு, பூசிய தாளைத் தட்டில் வைத்து, அடுப்பு சூடாகட்டும் என்று நாற்காலியில் சாய்ந்தாள். தலைக்கு மேல் மின்விசிறி. கண் சொக்கியது. மஞ்சள் குடை பிடித்துக்கொண்டு கந்தகம் கூட்டம் கூட்டமாக வந்தது. “அந்தப் பக்கம் போகணும்மா” என்று கெஞ்சியது. அவளுக்குக் கை எழவில்லை. யாரோ ஓர் ஆள் வந்து கதவை மெல்லச் சாத்தினார். முகம் தெரியவில்லை; சாவிக்கொத்துச் சத்தம் மட்டும் கேட்டது. விழித்தபோது அடுப்பைக் காணாமலே தாள் உலர்ந்திருந்தது. காற்றில்லாத குளம் போலக் கறுப்பு. ஒரு வெடிப்புகூட இல்லை. அதை வைத்தே ஒரு பேட்டரி செய்து சோதனைக்கு ஏற்றிவிட்டாள்.

விழா முடிந்ததும், சோதனை இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் மீட்டரிடம் போனாள். சுற்றுகளை எண்ணியே அந்தப் பெயர் வாங்கியவர்.

“தம்பி, அது இருநூத்திப் பத்துல ஓடுது. நான் போனதும் பிடுங்கிடாதே.”

“ஃபேனுக்குக் கீழ திறந்து கிடந்த பூச்சு வெடிக்காம காயுமா அக்கா? கதை விடாதீங்க. இங்க இடத்துக்கு ஏழு பேர் வரிசையில நிக்கிறாங்க.”

“அதுவா சாகட்டும்ப்பா.”

அவர் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இரண்டு மாதம் கழித்து, வாசலில் போர்வையை உலர்த்திக்கொண்டிருந்தாள். மீட்டர் சோதனைச் சீட்டை நீட்டியபடி வந்து நின்றார். ஐந்நூற்று ஒன்றாவது சுற்று. போர்வை கையிலிருந்து நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“இன்னும் ஓடுதா?”

“ஓடுது. ஏழு பேர்கிட்டயும் திட்டு வாங்கியாச்சு.” அவர் செருப்பைப் பார்த்தார். “அக்கா, நீங்க தூங்கினது நிஜம்தான். ஊரே அதிர்ற மாதிரி குறட்டை. தூசி விழுமேன்னு தட்டு மேல ஒரு மூடியைக் கவுத்து வெச்சேன். நீங்க அசைஞ்சதும் எடுத்துட்டேன். மூடிக்குள்ள நிதானமா காஞ்சிருக்கு, அதான் வெடிக்கல.”

“அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”

“அடுத்தவங்க பூச்சைத் தொடக் கூடாதுன்னு சுவத்துல எழுதி ஒட்டினதே நான்தானே!”

அவர் குனிந்து போர்வையை எடுத்து, ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. பூச்சம்மா மறுநுனியைப் பிடித்தபடி, கண்ணை மூடி, அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்டாள்.