மேட்டுக்கு ஏறும் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு பம்பிலிருந்து பிறந்தது. ஒரு தாயையும் மகளையும் பற்றிய கதைக்கு இது மரியாதையான பிறப்பு அல்ல என்று எனக்கே தெரியும். என்ன செய்வது, இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்துப் பள்ளியில் ஆயுசில் பாதியை இயற்பியல் சொல்லிக்கொடுத்தே கழித்தவள் நான். பக்கத்தில் ஒருவர் அழும்போதும், அங்கே ஏதாவது இயந்திரம் ஓடினால் என் கண் முதலில் அதன்மேல்தான் போகும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஷ்ராப்ஷயரின் பனி மூடிய குன்றுகளுக்கு நடுவே, காலத்தை வென்று நிற்கும் அந்த மாளிகை’

அடித்துவிட்டேன். இந்த வாக்கியம் மாளிகையின் இணையதளத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்தது: ‘ஹெஸ்டர் தான் பிறந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போனாள்.’

இது நிற்கட்டும்.

2

ஹெஸ்டர் எங்கள் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை. அவள் பிறந்தது ஹார்க்லி ஹால் என்ற அந்த மாளிகையில். அவளுடைய தம்பி பியர்ஸ் இப்போது அதை வாரக்கடைசி விடுதியாக நடத்துகிறான். பிப்ரவரியில் ஒருநாள் ஆசிரியர் அறையில் அவளுடைய போன் அடித்தது.

“ஹெஸ், இந்த சனி ஞாயிறு வாயேன். ரூமெல்லாம் காலியாத்தான் கெடக்கு. உன் ஃப்ரெண்டு வாசுகியையும் கூட்டிட்டு வா. அவங்க கார் பெருசுதானே?”

“கார் எதுக்குடா?”

“சேறு, ஹெஸ். வழியெல்லாம் ஒரே சேறு.”

போனை வைத்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “அவனாக் கூப்பிட்டிருக்கான், வாசுகி! கிறிஸ்துமஸும் இல்ல, சாவும் இல்ல. சும்மா வான்னு கூப்பிட்டிருக்கான்!”

(இங்கே ஒரு விளக்கம் தேவை. கதையை நிறுத்தாமல் சொல்லத் தெரியவில்லை, நிறுத்திவிட்டே சொல்கிறேன். நாம் சொத்தைப் பிரிப்பவர்கள். கூடத்தின் நடுவே சுவர் எழுப்புவோம், கிணற்றுக்கு முறை வைப்போம், ஒரு வாசல் நாலு வாசலாகும். சில தலைமுறையில் வீடு காணாமல் போய்விடும். ஆனால் ஆளுக்கொரு துண்டு மிஞ்சும். இந்த ஆங்கிலப் பெரிய வீட்டார் பிரிப்பதில்லை. முழுசாக மகனுக்கு, மகன்களில் மூத்தவனுக்கு. முன்னால் பிறந்த அக்கா கணக்கில் வரமாட்டாள். குடும்பத் தலைவர் இறந்தால் அவர் மனைவியும் பெரிய வீட்டைக் காலிசெய்ய வேண்டும். அவளுக்கென்றே நுழைவாயில் ஓரத்தில் ஒரு சின்ன வீடு. விதவை வீடு என்றே பெயர். பரம்பரை வீடுகள் எப்படி இத்தனை காலம் உடையாமல் நிற்கின்றன என்று வியப்பவர்களுக்கு இதுதான் பதில். உள்ளே இருப்பவர்களை வெளியேற்றித்தான்.)

3

பியர்ஸைக் கெட்டவனாக்க மூன்று வரைவுகளில் முயன்றேன். வரமாட்டேன் என்கிறான். முழங்கையில் ஓட்டை விழுந்த ஸ்வெட்டர். விருந்தினர் பெட்டிகளை அவனே தூக்குகிறான். எங்கள் அறையில் கணப்பு எரிந்தது. அவன் படுக்கும் அறையில் மூச்சு புகையாக வந்தது. அந்த வீட்டுக்கு முதல் வேலைக்காரன் அவன்தான்.

சனிக்கிழமை காலை எங்களை ஓடைக்கு அழைத்துப்போனான். “வாசுகி, உங்களுக்கு இது பிடிக்கும். தாத்தாவோட தாத்தா வச்சது. கரண்ட் வேணாம், எண்ணெய் வேணாம். மேல இருக்கிற வீடு வரைக்கும் தண்ணி போகும்.”

புதருக்குள், பூசணிக்காய் அளவில் ஒரு துருப்பிடித்த இரும்புக் குமிழ். டக்... டக்... டக்.

இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியாது. ஓடைத் தண்ணீர் ஒரு குழாயில் சரிந்து வருகிறது. வர வர வேகம் பிடிக்கிறது. அந்த வேகமே ஒரு வால்வைத் தள்ளிப் படாரென்று மூடிவிடுகிறது. ஓடிவந்த தண்ணீருக்கு உடனே நிற்கத் தெரியாது. ஒரே முட்டாக முட்டுகிறது. அந்த முட்டில் இன்னொரு வால்வு திறந்து, கொஞ்சம் தண்ணீர் மேட்டுக் குழாயில் ஏறிவிடுகிறது. அழுத்தம் குறைந்ததும் பழைய வால்வு தன் எடையால் விழுந்து திறக்கிறது. மறுபடி ஓட்டம், மறுபடி முட்டல். பகலும் இரவும். வந்த தண்ணீரில் பெரும்பகுதி வழிந்து ஓடைக்கே போய்விடும். அத்தனையும் கீழே விழுந்தால்தான் ஒரு மடக்கு மேலே ஏறும்.

ஹெஸ்டர் குனிந்து, வழிந்தோடும் தண்ணீரைப் பார்த்தபடி, “இது நாங்கதான்” என்றாள்.

(சொல்லவில்லை. இரண்டாவது வரைவில் நான் அவள் வாயில் வைத்த வசனம் அது. அவள் உண்மையில் சொன்னது: “ஷூக்குள்ள தண்ணி போயிடுச்சு.”)

“ஹெஸ், ஒரு விஷயம்” என்றான் பியர்ஸ், பம்பைப் பார்த்துக்கொண்டே. இவர்கள் முக்கியமானதை எப்போதும் வேறெதையாவது பார்த்துக்கொண்டுதான் சொல்வார்கள். “ஏப்ரல்லேர்ந்து வாசல் வீட்டையும் விருந்தாளிங்களுக்கு விடறோம்.”

“மம்மி இருக்கிற வீட்டையா?”*

“பெரிய வீட்டோட கிழக்குக் கூரை போயிடுச்சு, அதுக்குக் காசு வேணும். வேற வழி இல்ல.”

“மம்மி எங்கடா போவாங்க?”

“உன் பிளாட்ல ரெண்டு பெட்ரூம் இருக்கே.”

டக்... டக்.

“மம்மிக்குத் தெரியுமா?”

“அவங்க யோசனைதான் அது. நாளைக்கே கிளம்பறேன்னு சொல்லிட்டாங்க.”

ஹெஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தாள். என் கார் எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது.

* தலை நரைத்த பிறகும் தாயை ‘மம்மி’ என்பது இந்த வர்க்கத்தின் அடையாளம். எட்டு வயதில் பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தச் சொல் அந்த வயதிலேயே நின்றுவிடுகிறது என்று நினைக்கிறேன். ஹெஸ்டரை அனுப்பியது ஏழில்.

4

ஹெஸ்டரின் தாய் லவினியா வாசல் வீட்டில் கோட்டு போட்டபடியே உட்கார்ந்திருந்தாள். சுவரில் படங்கள் இருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. பெட்டிகள் தயார்.

“வா எலிக்குட்டி. இளைச்சிட்டியே, ஸ்கூல்ல சோறு போடறாங்களா இல்லையா?”

“மம்மி, நீங்க ஒண்ணும் போக வேணாம். நான் அவன்கூடச் சண்டை போடறேன்.”

“எதுக்கு? கூரை ஒழுகுது.”

“ஒழுகட்டும்!”

“அப்படிப் பேசாத.” முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. “கல்யாணமாகி நான் வந்தப்ப என் மாமியாரப் பெரிய வீட்லேர்ந்து அனுப்பினோம். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல. நாய்களுக்கு எப்பச் சோறு வைக்கணும்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க. நல்ல மனுஷி.”

ஹெஸ்டர் முழங்காலிட்டு அவள் கையைப் பிடித்தாள். மனிதர்கள் தொட்டுக்கொள்ளாத அந்தக் குடும்பத்தில் அது ஏறக்குறைய கைகலப்பு.

“சரி. வாங்க. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என்கூட இருக்கணும்னு உங்களுக்கு ஆசையா?”

“அந்தப் பேச்சே இப்ப இல்லையேம்மா.”

“எனக்கு அதுதான் பேச்சு.”

லவினியா ஜன்னல் வழியே மேட்டைப் பார்த்தாள். “நான் உன்கிட்ட வரல, கண்ணு. வீட்டுக்கு வழிவிடறேன். அதுக்கப்புறம் எங்க போனா என்ன.”

கொடுமையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள்.

5

ஞாயிற்றுக்கிழமை. என் காரின் பின்பக்கம் பெட்டிகளால் நிறைந்துவிட்டது. பியர்ஸ் கடைசிப் பெட்டியை அழகாக, எதுவும் நசுங்காமல் பொருத்தினான். லவினியா இன்னும் வாசற்படியில் நிற்கிறாள். ஹெஸ்டர் காரின் கதவைத் திறந்து பிடித்தபடி சொல்கிறாள்:

“ஒரே ஒரு தடவை சொல்லுங்க மம்மி. ‘உன்கூட வரணும்’னு. பொய்யாக் கூட சொல்லுங்க. சொல்லலன்னா பெட்டியெல்லாம் இறக்கிட்டுப் போயிடுவேன்.”

“ஹெஸ், வேடிக்கை பண்ணாத” என்கிறான் பியர்ஸ்.

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப்பார்த்தேன்.

அ. லவினியா சொல்லிவிடுகிறாள். இருவரும் அழுகிறார்கள். (எழுதும்போதே எனக்குக் கூசியது. என் காசில் நானே எனக்கு மிட்டாய் வாங்கித் தின்பதுபோல.)

ஆ. ஹெஸ்டர் பெட்டிகளை இறக்குகிறாள். கோட்டு போட்ட ஒரு கிழவி, படியில், பெட்டிகளுக்கு நடுவே, யாருக்கும் தொந்தரவில்லாத இடமாகப் பார்த்து

இதை முடிக்க முடியவில்லை.

இ. தாய் சொல்லவில்லை, மகள் ஆனாலும் ஏற்றிக்கொள்கிறாள். லெஸ்டர் பிளாட்டில், ஒவ்வொரு காலையும், கேட்காமலேயே தேநீர் கொண்டுபோய் வைக்கிறாள். லவினியா ஒவ்வொரு காலையும், விடுதிப் பணிப்பெண்ணிடம் சொல்வதுபோல, மிக மரியாதையாக நன்றி சொல்கிறாள்.

உண்மையில் நடந்தது எது என்று எனக்குத் தெரியும். ஓட்டுநர் இருக்கையில் நான்தான் இருந்தேன். சொல்ல மாட்டேன். எதைச் சொன்னாலும், பழியை யார் தலையில் போடலாம் என்று தேடுவீர்கள். அகப்படுபவள் அம்மாவாகவோ மகளாகவோ இருப்பாள். ஆகவே கதவு திறந்தே இருக்கிறது, லவினியா படியில் நிற்கிறாள், அந்த ஒரு வார்த்தையை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அவளைச் சொல்ல வையுங்கள், அல்லது வாயைமூடி நிற்க வையுங்கள். உங்கள் மனசு.

ஒரே ஒரு நிபந்தனை. நீங்கள் எந்த முடிவை எழுதினாலும், ஏப்ரலில் கிழக்குக் கூரை வேய்ந்தாக வேண்டும்.